உபால்தோவுக்கு ஒரு ஆட்டுத்தோல் படுக்கை

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே; படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. முட்டிவலி குறைந்ததா? லிமா நகரத்தில் நான் நலம். பள்ளிக்கும் போகிறேன், வீட்டு வேலையும் பழகிவிட்டது.

சுரங்கச் சேற்றைத் தேக்கும் அணை நூறு வருஷம் தாங்கும் என்று என் முதலாளி உபால்தோ நம் ஊர்க்கூட்டத்தில் சொன்னாரே, நிலவியல் நிபுணராக வந்து. நேற்று சாப்பிடும்போது அவர் மனைவி, "அந்த ஊர்க்காரங்க மாதா திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்களே, ஒரு ராத்திரி தங்கிட்டு வாங்களேன்" என்றாள்.

"பிப்ரவரி மழையில அந்த அணைக்குக் கீழ தூங்க எனக்கென்ன பைத்தியமா? கரை உள்ளுக்குள்ள ஊறிப்போய்க் கெடக்குடி."

"அப்புறம் ஏன் தாங்கும்னீங்க?"

"நான் சொல்லலைன்னா சுரங்கக் கம்பெனிக்காரன் சொல்றதுக்கு வேற ஆளைப் பிடிச்சிருப்பான்." சிரித்துவிட்டு, "ஏ பொண்ணு, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்து" என்றார். ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எல்லோரும் உடனே மேட்டிலுள்ள லாமா மந்தைக் கொட்டகைகளுக்குப் போய்விடுங்கள். ஆனால் இந்த வருஷத் திருவிழாத் தலைவராக அவரையே நியமியுங்கள். மாலை போட்டு, மேளத்தோடு அழைத்து வாருங்கள். தலைவர் அன்றிரவு மாதாவின் காலடியில்தானே படுக்க வேண்டும்? கோயில் அணைக்கு நேர் கீழே இருக்கிறது. எல்லார் முன்னாலும் ஆட்டுத்தோலை விரியுங்கள். மறுத்தால் ஊரே காரணம் கேட்கட்டும். வெட்கப்பட்டுப் படுத்துவிட்டால், வெளியே பூட்டிவிட்டு மேடேறிவிடுங்கள்.

கொஞ்சம் வறுத்த சோளம் அனுப்பு. பொட்டலத்தின் மேல் என் பெயரை எழுது. இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை.

முதலாளி கதவைத் தட்டுகிறார். விளக்கை அணைக்க…