கோணந்தான் சார் காரணம்

செட்டிகுளம்
27.10.2025

அன்புள்ள தென்றலுக்கு,

நலம். நீயும் உன் அம்மாவும் நலமா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் ஜெயங்கொண்டத்துக்கு, உன் பள்ளி முகவரிக்கே எழுதுகிறேன். பயப்படாதே, வீட்டுக்கு வா என்று கேட்க எழுதவில்லை. வேதியியல் வாத்தியார் ஒருவன் இன்னொரு வேதியியல் டீச்சரிடம் கேட்கும் சந்தேகம் இது.

பதினொன்றாம் வகுப்பில் சகப்பிணைப்பு ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும், ஆனால் பங்கு எப்போதும் சமமாக இருக்காது, ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுக்கும், அதனால் ஒரு பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின் என்று முனைவு வரும் என்பதுவரை பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. அப்போது நல்லதம்பி என்ற பையன் எழுந்தான். "சார், தண்ணியிலயும் ஆக்சிஜன் இழுக்குது, கார்பன் டை ஆக்சைடுலயும் ஆக்சிஜன் இழுக்குது. தண்ணி மட்டும் முனைவுள்ள மூலக்கூறு, இது முனைவற்றதுன்னா எப்படி சார்?"

பலகை நிறைய அம்புக்குறி போட்டேன். வகுப்பு மொத்தமும் மழைக்கு ஒதுங்கிய மாடுகள் மாதிரி என்னைப் பார்த்தது. அம்புக்குறி இல்லாமல் இதைக் காட்ட உனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும். எழுதுவாயா?

பரணிதரன்


ஜெயங்கொண்டம்
31.10.2025

பரணிதரன் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. கவரின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்து உண்ணாமலை டீச்சர் இரண்டு நாளாக என்னைக் கிண்டல் செய்கிறார். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பையனின் கேள்வி தூங்கவிடவில்லை. எவ்வளவு நல்ல கேள்வி!

பலகையை விடுங்கள். மைதானத்துக்குப் போங்கள். இரண்டு கயிறு வேண்டும். ஒருவரை நடுவில் நிறுத்தி, கைக்கு ஒரு கயிறு கொடுங்கள். அவர்தான் கார்பன். நேர் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து சம பலமுள்ள இரண்டு பேர் இழுக்கட்டும். நடுவில் இருப்பவர் அசையமாட்டார். பிறகு அந்த இரண்டு பேரையும் கொஞ்சம் ஒரே பக்கமாக நகர்த்தி நிறுத்துங்கள். பலம் அதேதான், ஆனால் நடுவில் இருப்பவர் நகர்ந்தே தீருவார். தண்ணீர் மூலக்கூறு அப்படி வளைந்திருக்கிறது.

தண்ணீரில் இழுப்பது நடுவில் இருக்கும் ஆக்சிஜன், ஓரத்தில் இருப்பவை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டு இழுப்பையும் கூட்டுகிற கணக்கு மாறாது. ஆனால் நல்லதம்பி அதையும் கேட்பான்.

எப்படி நடந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

தென்றல்


செட்டிகுளம்
06.11.2025

அன்புள்ள தென்றலுக்கு,

நீ இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்!

நடுவில் நிற்க ஒருவனும் முன்வரவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த தலைமை ஆசிரியர் அய்யம்பெருமாள் சார், "குடுங்கடா கயித்த" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கபடி ஆடும் பையன்கள் இரண்டு பேர் எதிரெதிராக இழுத்தார்கள். மனிதர் அசையவில்லை. "இழுங்கடா, சாப்பிடலையாடா?" என்று வேறு அதட்டினார்.

பிறகு நீ சொன்னபடி இருவரையும் பக்கம் மாற்றினேன். முதல் இழுப்பிலேயே முதல்நாள் மழைச் சேற்றில் சார் வழுக்கிக்கொண்டே போனார். மைதானமே கத்தியது. அதற்கும் மேலே நல்லதம்பியின் குரல்: "கோணம்! கோணந்தான் சார் காரணம்!"

தென்றல், ஒரு பிள்ளைக்கு விளங்குகிற அந்த நொடி இருக்கிறதே, அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை.

ஒருத்தி கேட்டாள்: "மொதல்ல சார் அசையலையே, அப்ப யாரும் இழுக்கலைன்னு அர்த்தமா?" அதற்கு அய்யம்பெருமாள் சாரே பதில் சொன்னார். "இழுக்கலைன்னு நெனைச்சிடாதம்மா. ரெண்டு தோளும் கழண்டு போச்சு. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

அடுத்த பாடம், எது எதில் கரையும் என்பது. அதற்கும் வழி சொல்.

பரணி


ஜெயங்கொண்டம்
11.11.2025

பரணிக்கு,

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்ணாமலை டீச்சர் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டார்.

கரைதலுக்கு எங்கள் ஊரில் முந்திரி இருக்கிறது! தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, வகுப்பில் ஓர் ஓட்டுத் துண்டில் முந்திரிக்கொட்டை மேலோட்டின் எண்ணெயைத் தடவினேன். தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், வழித்துக்கொண்டு வந்தது. முனைவற்றது முனைவற்றதில்தான் கரையும். என் மாணவி இலக்கியா துள்ளி எழுந்தாள். "டீச்சர், முந்திரி உடைக்கப் போறப்ப எங்கம்மா கையில எண்ணெய் தடவிட்டுப் போவாங்க. நானும் தடவுவேன். ஏன்னு இன்னைக்குத்தான் டீச்சர் தெரியுது!" மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை.

இதை எழுதிவிட்டுக் கடிதத்தை ஒட்டப் போனேன். முடியவில்லை.

உங்கள் தலைமை ஆசிரியர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கும் தோள் வலிக்கிறது, பரணி. நீ மாறுதல் வாங்கி வா என்று நீங்களும், நீங்கள் வாங்கி வாருங்கள் என்று நானும் சண்டை போட்டதற்காக நான் வீட்டைவிட்டு வரவில்லை. அன்று சாப்பாட்டின்போது அத்தை, "வேலைய விட்டுட்டு வூட்டுல இருக்கச் சொல்லுடா" என்றார்கள். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தீர்கள். அதற்காகத்தான் வந்தேன்.

வகுப்பு என்னைவிட்டுப் போனால் நான் என்ன ஆவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குமா?

தென்றல்


செட்டிகுளம்
15.11.2025

என் தென்றலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். "அம்மா, தென்றல் வேலைய விடமாட்டா. விடுன்னு இனிமே யாரும் அவகிட்ட சொல்லக் கூடாது" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்கள். "அப்ப நீ என்ன செய்யப் போற?"

"அரியலூர்ல வூடு பாக்கப் போறேன். அங்கேருந்து அவ கெழக்க போவா, நான் மேக்க போவேன்."

அம்மா கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிளறினார்கள். பிறகு, "தண்ணி ஒழுங்கா வருமான்னு கேட்டுட்டு வாடகை பேசு" என்றார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். இன்னும் பேசி முடிக்கவில்லை. முடிப்பது உன் கையில்.

பரணி


ஜெயங்கொண்டம்
20.11.2025

பரணிக்கு,

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். நேற்றுப் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்த வீட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். முன்னறை சின்னதுதான். ஆனால் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டால் எதிரெதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தலாம். சமையலறை அலமாரிதான் எனக்கு எட்டவில்லை. ஒரு ஸ்டூல் வாங்க வேண்டும்.

வீட்டுக்கார அம்மா சாவிக்கொத்தோடு பின்னாலேயே வந்தார். "எத்தன பேரும்மா இருப்பீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றேன்.

பிரிந்திருந்த இந்த ஆறு மாதத்தில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னதும் அழுதுவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய், "வாடகைய வேணா கொறைச்சுக்கலாம்மா" என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

முன்பணம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே அரியலூருக்கு வந்துவிடுங்கள். நான் அங்கே இருப்பேன்.

உங்கள் தென்றல்