கன்னத்திலிருந்து ஒரு துண்டு

மார்ச் 3

காலை 5.10 — 90 மில்லி, நான்கு நிமிடம். 5.45 — 60 மில்லி, ஐந்து நிமிடம். இடது கையைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

சிறுநீர் எவ்வளவு வருகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரத்துக்கு இப்படி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெண் டாக்டர். அறைக்குள் போய் அவரைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். வேலை நாளில் ஒரு வாய்கூட இல்லை என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

எப்படிக் குடிப்பது? கிரேன் கேபின் அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணியில் இறங்கக் கால் மணி, ஏற அதற்கும் மேல். கான்கிரீட் காத்துக் கிடக்கும்போது ஆபரேட்டர் கழிவறைச் சுவரை முறைத்துக்கொண்டு நின்றால் யார் பொறுப்பார்கள்? கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் வழி சொல்லும் சிக்னல்காரர் எனக்கு ‘ஒட்டகம்’ என்று பேர் வைத்துவிட்டார். நானும் சிரித்து வைக்கிறேன்.

மார்ச் 5

அளவுக் குவளையைக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இன்று காணோம். மனைவி தேய்த்துக் கழுவிச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறாள்! நைசாக எடுத்துவந்துவிட்டேன். இடையில் அதில் பால் அளக்கவில்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 6

காலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான். எரிச்சல் வேறு. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள். தாங்குமா?

மார்ச் 9

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு கல்லாகிவிட்டது. கட்டைப் பத்திரமாக இறக்கினேன், அதுவரை நினைவிருக்கிறது. ஏணியில் இரண்டு முறை கால் நழுவியது. கழிவறையில் ஒரு சொட்டு — ஒரே ஒரு சொட்டு — வரவில்லை. சிக்னல்காரர்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கீழ்வழியாகக் குழாய் நுழையவே இல்லை. அடிவயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டார்கள். ஒரு லிட்டருக்கு மேல் வந்ததாம். நிம்மதியில் அழுதுவிட்டேன், அத்தனை பேர் எதிரில்.

மனைவி துணிக்கடையிலிருந்து ஓடிவந்தாள், கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு வருடத்துக்கு முன் சாரத்தில் கால் தவறி, இரும்புக் குழாயின்மேல் இருபுறமும் கால் போட்டபடி விழுந்தது. இரண்டு நாள் ரத்தம் போய்த் தானாக நின்றது. உள்ளே காயம் தழும்பாகிச் சிறுநீர்ப் பாதையை இறுக்கிக்கொண்டே வந்தது. ஓவர்டைம் என்று பொய் சொல்லி இரண்டு தடவை ரகசியமாகப் போய், கம்பி விட்டு அகலப்படுத்திக்கொண்டது.

நாடாவை உருவி விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, “நீங்க தனி ரூம்ல போய்ப் படுக்க ஆரம்பிச்சதுலேருந்து நான் என்னென்னவோ நினைச்சு வச்சிருந்தேன். என்னைப் பிடிக்கலைன்னு...” என்றாள். முடிக்கவில்லை.

நான் என்ன மனுஷன்?

மார்ச் 12

மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நல்ல அகலமாக வரும் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நூலாகிவிடுகிறது. மூன்று சென்டிமீட்டர். இனிக் கம்பி விட்டுப் பிரயோசனமில்லை, ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடத்தான் செய்யும் என்றார். அந்த இடத்தைத் திறந்து, வேறு தோல் வைத்துத் தைத்துப் பாதையை அகலமாக்க வேண்டுமாம். தோலை எடுப்பது கன்னத்தின் உட்புறத்திலிருந்து.

“வாயிலேருந்தா?” என்றேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

“வாய்க்குள்ள இருக்கிற தோல் எப்பவும் ஈரத்துலயே இருந்து பழகினது. அங்க போனாலும் தாக்குப்பிடிக்கும்” என்றார்.

பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், எல்லோருக்கும் என்று வாக்குத் தர முடியாது என்றும் சொன்னார். எனக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. கேட்டது மனைவிதான், என்னைப் பார்க்காமல், டாக்டரின் மேஜையைப் பார்த்து: “இதுக்கப்புறம் நாங்க பழைய மாதிரி இருக்க முடியுமா டாக்டர்?”

சில மாதம் பிடிக்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். காது சுட்டது. ஆனால் கேட்டுவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் பாதைக்கு ஓய்வு. அதுவரை வயிற்றுக் குழாய், தொடையில் பை.

மார்ச் 28

சிகரெட்டை விட்டுப் பதினாறு நாள். புகை இருந்தால் தோல் ஒட்டு பிடிக்காதாம். கம்பெனியில் என் கிரேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். தற்காலிகம் என்கிறார்கள். தற்காலிகம் என்றால் எவ்வளவு நாள்?

ஏப்ரல் 21

நாளைக்கு ஆபரேஷன். கண்ணாடி முன் வாயைப் பிளந்து இடது கன்னத்தை நாக்கால் துழாவிப் பார்த்தேன். ஒட்டவில்லையென்றால்? அறுபது மீட்டர் உயரத்தில் காற்றில் ஆடும்போது வராத நடுக்கம் இப்போது வருகிறது. மனைவி பையை இரண்டு முறை கட்டி இரண்டு முறை பிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 24

வாய் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கிறது. பேச்சு வரவில்லை. பால் மட்டும், ஆறவைத்து. கீழே தையல், குழாய், உட்கார முடியவில்லை. டாக்டர் வந்து, ஒட்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, பார்ப்போம் என்றார். அந்தப் ‘பார்ப்போம்’தான் காதில் நிற்கிறது.

மே 13

மூன்று வாரம் கழித்து இன்று குழாயை எடுத்து மறுபடியும் எக்ஸ்ரே. படத்தில் கோட்டுக்கு வெளியே மீசை மாதிரி ஒரு மெல்லிய கசிவு. குழாயைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாள். இது நடப்பதுதான் என்றார் டாக்டர். போச்சு, எல்லாம் போச்சு, அறுத்ததெல்லாம் வீண் — வீடு வரும்வரை இதுதான் மண்டைக்குள்.

மே 14

மனைவிமேல் எரிந்து விழுந்தேன். பதிலுக்கு அவளும். நல்லதாகப் போயிற்று, இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மே 22

கசிவு இல்லை. கீழ்க்குழாயை எடுத்தார்கள், வயிற்றுக் குழாயை மூடினார்கள். தண்ணீர் குடித்துக் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக் கழிவறை. கதவுக்கு வெளியே மனைவி. முதலில் ஒன்றும் வரவில்லை. பழக்கதோஷத்தில் சுவரைப் பிடித்து முக்கப் போனேன், டாக்டர் முக்கக் கூடாது என்றது நினைவு வந்து கையை எடுத்தேன். சும்மா நின்றேன். கொஞ்சம் எரிந்தது. பிறகு வந்தது. தானாக, தடியாக, சத்தத்தோடு. அரை நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. முடிந்ததை நம்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

“என்னாச்சு?” என்றாள் வெளியே.

“வந்துடுச்சு” என்றேன்.

ஜூலை 27

வயிற்றுக் குழாயையும் எடுத்தாயிற்று, வேலைக்குத் திரும்பினேன். ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். எதையும் கேட்காமல், “மெதுவா ஏறுங்கண்ணே, கட்டடம் ஓடிடாது” என்றார் சிக்னல்காரர்.

ஆகஸ்ட் 18

கேமரா விட்டு உள்ளே பார்த்தார்கள். பாதை அகலமாகவே இருக்கிறது. ஆனாலும் வருடம் ஒருமுறை வர வேண்டும், மறுபடி சுருங்கவே சுருங்காது என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். அந்தப் பயம் போகாது போலிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 30

அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஆறு வருடமாக ஏறப் பயந்த பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். வழியில் ஓரிடத்தில்தான் இருபது நிமிடம் நிறுத்தினார்களாம். எல்லோரும் இறங்கிப் போய்விட்டு வந்தார்களாம். எனக்குத் தெரியாது. மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் எழுப்பவில்லை.