பேனரில் என் புடவை

ஆரணி
6.2.2025

கலைக்கு,

நீ சௌக்கியமா என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியமில்லாமல் போய்விட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு பேனரில் ஆளுயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். 'புற்றுநோயை முன்பே கண்டுபிடித்தேன், பிழைத்தேன்' என்று தலைக்கு மேலே. காலுக்குக் கீழே கலையரசி, வந்தவாசி. கட்டியிருப்பது நான் நெய்த அரக்குப் புடவை, உன் வைத்தியம் முடிந்த அன்று கொடுத்தது. அதை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய். அம்மா நடுவில் புகுந்து உனக்குக் காய்ச்சிய கஞ்சியைப் பற்றியே பேசுவாள்.

புற்றுநோய் பரிசோதனை முகாமுக்குப் பெண்களைக் கூப்பிட ஒரு நர்ஸ் வந்தாள். "பேனர்ல கீறவங்க கூடப் பொறந்த அக்காவா நீங்க? தங்கச்சி ஊர் ஊரா போய் பேசிகினு கீறாங்க, நீங்க வராம இருந்தா எப்பிடிங்க?" என்றாள். "தறியில வேலை கீதும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்குப் பொறாமைதான். நீ படுத்த நாளிலிருந்து அம்மா உன் வீட்டோடு போய்விட்டாள். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ரெண்டு நாள் இருந்துவிட்டு, "ரேணு சமாளிச்சிக்குவா" என்று பஸ் ஏறினவள். என் வீட்டுக்காரர் உன் பேச்சை எடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை எங்கே இருக்கிறது என்று என்னையே கேட்கிறார். நோயில் விழுந்தவளைப் பார்த்து வயிறு எரிகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முகூர்த்த மாதம், வேலை கழுத்தை நெரிக்கிறது. நெய்த துணி சுருளும் மரம் நெஞ்சில் இடித்து இடித்து, இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிப் போயிருக்கிறது. வலிகூட இல்லை. தறியில் உட்காருகிறவர்களுக்கு இது சகஜம். இதற்கெல்லாம் பேனர் வைக்க மாட்டார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ரேணுகா

வந்தவாசி
10.2.2025

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிதான் படித்துக் காட்டினேன். மரம் இடித்த சமாசாரத்தை மட்டும் நான் தனியாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மரம் இடித்தால் கன்றிப்போகும், வலிக்கும், கொஞ்ச நாளில் அடங்கும். உனக்கு வலிக்கவில்லை என்கிறாய். எனக்கும் வலிக்கவில்லை அக்கா. குளிக்கும்போது கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னை முகாமுக்கு இழுத்துப் போனதால் வெளியே தெரிந்தது. பேனரில் என்னைத் தைரியசாலி என்று போடுகிறார்கள். நான் துணைக்குப் போனவள்.

வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் கிடையாது. ஆனால் இது எது என்று சொல்ல நீயும் டாக்டர் இல்லை, உன் தறியும் டாக்டர் இல்லை. திரை போட்டு நர்ஸ்தான் பார்ப்பாள். சந்தேகம் என்றால்தான் மேலே அனுப்புவார்கள்.

பொறாமை என்று எழுதினாய். எனக்கும் உண்டு. முடியெல்லாம் கொட்டிக் கிடந்தபோது என்னைப் பார்க்க வந்தாயே, உன் பின்னல் இடுப்பு வரை தொங்கியது. நீ பேசினது ஒன்றும் என் காதில் விழவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பரிசோதனைக்குப் போ. அம்மாவை உன்னிடம் அனுப்பி வைக்கிறேன்.

உன் தங்கை
கலை

ஆரணி
15.2.2025

கலைக்கு,

அம்மாவைக் காட்டி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாயா? நீ கட்டி முடித்ததை எனக்கு அனுப்ப அவள் என்ன பழைய புடவையா?

நான் போனால் தெருவில் என்ன பேசுவார்கள் தெரியுமா? "தங்கச்சி சொல்லிதான் வந்தா" என்பார்கள். என் உடம்பில் கட்டி, அதிலும் பேர் உனக்கு. முகூர்த்தம் முடியட்டும், பார்க்கலாம்.

இதற்குப் பதில் போடாதே.

ரேணுகாதேவி

வந்தவாசி
19.2.2025

அக்கா,

பதில் போடாதே என்றாய். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ஆரணியில் காட்ட வேண்டாம். சந்தவாசல் ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. என் பெயரைச் சொல்லாதே. தங்கையே கிடையாது என்று சொல். ஆனால் போ. முகூர்த்தம் முடிகிற வரைக்கும் அது காத்திருக்காது.

கலை

ஆரணி
14.3.2025

கலைக்கு,

சந்தவாசலுக்குப் போனேன். அங்கேயும் சுவரில் நீதான் சிரித்துக்கொண்டிருந்தாய். எரிச்சலில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் நர்ஸ், "யார் சொல்லி வந்தீங்கம்மா?" என்று கேட்டாள். தங்கையே கிடையாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தோ, செவுத்துல கீறாளே, அவ என் தங்கச்சி. அந்தப் பொடவை நான் நெய்ஞ்சது" என்று வந்துவிட்டது. அவள் முந்தானையைத் தடவிப் பார்ப்பதுபோல் படத்தைத் தடவிப் பார்த்தாள்.

வேலூருக்கு அனுப்பினார்கள். மார்பை ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். நேற்று சொன்னார்கள். அதேதான் கலை. மரம் இடித்தது இல்லை. சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டேனாம், குணமாக்கிவிடலாம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் மரத்தின்மேல் பழி போட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் இப்போது என்னிடமும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். மாத்திரையை அவரே தேடி எடுத்து, தண்ணீரோடு வந்து நிற்கிறார். பார்க்கப் பயமாக இருக்கிறது. இதற்காகவா உன்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டேன்?

அடுத்த வாரம் ஆபரேஷன். அம்மாவை அனுப்பாதே. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாள், நான்தான் தேற்ற வேண்டும். நீ வா. எது எப்போது வலிக்கும், எது அடங்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுக்கிற மருந்தில் முடி போய்விடும் என்கிறார்கள். பின்னல் இன்னும் இடுப்பு வரை இருக்கிறது. அது இருக்கும்போதே வந்து, உன் கையால் ஒரு தரம் பின்னிவிடு.

அக்கா