கார்ல் யோஹான் வீதியில் அண்ணா

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் மழை. தோய்த்த உடுப்பு இன்னும் ஈரம். செவ்வாய்க்கிழமை, ஆனாலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகவில்லை.

பின்னேரம் ஒஸ்லோவில் இருந்து அண்ணாவின் அழைப்பு. மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, கொட்டாஞ்சேனைக்கு எந்தப் பக்கத்தால போறது? ஒரே வெள்ளையாக் கிடக்கு."

மறதி நோய். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறார். அவரின் மகள் நிரோஷா வேலைக்குப் போன நேரம் பார்த்து இறங்கிவிட்டார். காலில் வீட்டுச் செருப்பாம். அங்கே பனி.

பக்கத்து வீட்டுப் பரீனாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"நீங்க பேச்ச விடாதீங்க அக்கா, நான் புள்ளைக்கி கோல் எடுக்கிறேன்." தன் போனில் நிரோஷாவைப் பிடித்தாள்.

"அண்ணா, முன்னுக்கு என்ன தெரியுது?"

"பெரிய வீதி. அந்தத் தொங்கல்ல, வீதி முடியிற இடத்தில, ஒரு மாளிகை. இஞ்ச ரெண்டு கல்லுச் சிங்கம்."

பரீனா அப்படியே சொன்னாள். நிரோஷா கத்தியது எனக்கே கேட்டது. "கார்ல் யோஹான் வீதி! பாராளுமன்றத்துக்கு முன்னால! அசைய விடாதேங்கோ மாமி!"

என்ன கதைப்பது? பள்ளிக்கூடப் பாட்டைப் பாடச் சொன்னேன். பாடினார். நடுவில் குரல் மெலிந்தது.

"குளிருது. கீழ இருக்கட்டா?"

"இருக்க வேண்டாம். நில்லுங்கோ!"

அண்ணாவை அதட்டியது வாழ்நாளில் முதல் தடவை.

பிறகு போனில் அழுகைச் சத்தம். நிரோஷா வந்துவிட்டாள்.

பரீனா தேத்தண்ணி தந்தாள்.

ஜனவரி 15, புதன்

அண்ணா ஆஸ்பத்திரியில். கால்விரல்கள் தப்பும் என்கிறார்களாம். கடவுளே.

நிரோஷா: "அந்த வீதியில ஒரு ரெஸ்ரோரண்டிலதான் அப்பா முதல்ல கோப்பை கழுவினவர். மே மாசம் தேசிய தின ஊர்வலம் பாக்க என்னைத் தோளில வைச்சுக்கொண்டு நிண்டதும் அங்கதான். மாமி, நான் வேலையை விடவா, இவரை முதியோர் ஹோமில விடவா?"

இரவு சாப்பாடு இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

வெயில். உடுப்பு காய்ந்தது. மீன்காரர் வரவில்லை.

வீடியோவில் அண்ணா. காலில் கட்டு, முகம் தெளிவு.

"ஹோமுக்குப் போறன் எண்டு நான்தான் சொன்னனான். பிள்ளையை ஏசாத."

கால் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு,

"அம்மா செத்துப்போனா, என்ன?"

"ஓம் அண்ணா. கனகாலம்."

"நான் வந்தனானா?"

வரவில்லை. அப்போது அவருக்கு அங்கே விசா இல்லை. வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். தொலைபேசியில் அழுதார். நான் ரிசீவரை அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வந்தனீங்கள். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு பெட்டியைத் தூக்கினீங்கள்."

தலையாட்டினார்.

"ஓம். பாரமா இருந்தது."