நெல்டா கடைக் கதவில் ஒட்டியிருந்தது

மார்ச் 4, செவ்வாய்

எழுத்துகள் கோணல்மாணலாக வருகின்றன. பென்சிலை அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு எடுத்துப் படிக்கப்போகிறவனும் நான்தான், ஆகவே நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்து மூன்று வயதுக் கை. நாற்பது வருடம் லாரியில் மரம் ஏற்றும் இயந்திரத்தின் லீவரை இழுத்த கை. நூலகத்தில் எனக்குப் படிக்கச் சொல்லித்தரும் மிஸ் ப்ரூயிட் தினமும் ஒரு வரி எழுதினால் போதும் என்றார். எனக்குப் போதவில்லை.

இன்று படித்தவை: ஓட்ஸ் டப்பா முழுவதும். பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியில் இருந்த பெயர். பதினோரு வருடமாக அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவந்திருக்கிறேன். பாவம், அவனும் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

மார்ச் 5, புதன்

இருமல் மருந்துப் புட்டியின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். குடிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுத்து இன்னும் கோணலாக வருகிறது. இன்று வயதினால் அல்ல.

நெல்டாவின் கடைக் கதவில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பெரிய அறிவிப்பு உண்டு. படம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்துதான். மேலே ஆங்கிலம், கீழே ஸ்பானிஷ். நான்கு வருடமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் காலைச் சாப்பாட்டுக்கு உள்ளே போகிறேன். என்னோடு தினமும் அங்கே சாப்பிடும் பழைய நண்பன் ஹாய்ட்டிடம் முதல் நாளே கேட்டேன். "கவுண்டி சுகாதாரக்காரன் கொடுத்ததுடா. கடையில எலி இல்லன்னு எழுதியிருக்கு" என்றான். என் மனைவி வெர்னா இருந்தவரை எனக்கு எல்லாவற்றையும் அவள்தான் படித்துச் சொல்வாள். அவள் போன பிறகு ஹாய்ட் சொன்னதுதான் எனக்கு எழுத்து.

இன்று கதவின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கூட்டினேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று மறுபடியும் கூட்டினேன். துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு இந்த இடத்துக்குள் வரக் கூடாது. அதுதான். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் வலது பூட்ஸுக்குள் ரிவால்வர். லைசென்ஸ் வேண்டாம் என்று டெக்சஸில் சட்டம் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் எழுத்துப் பரீட்சை வைப்பார்கள், நான் எங்கே எழுத. அன்றிலிருந்து வீட்டை விட்டு இறங்கினால் சாவி, தொப்பி, துப்பாக்கி.

வண்டிக்குத் திரும்பிப்போய் அதை உள்ளே பூட்டிவிட்டு வந்தேன். எங்கள் மேசையில் ஹாய்ட்டும், எங்கள் மூன்றாவது ஆள் டுவெய்னும் இருந்தார்கள்.

"ஹாய்ட், அந்தக் கதவுல என்ன எழுதியிருக்குன்னு சொன்ன?"

"எலி. ஏன்?"

"இப்ப எனக்குப் படிக்கத் தெரியும்டா."

டுவெய்னுக்குக் காபி மூக்கு வழியாக வந்தது. ஹாய்ட் சிரிக்கக்கூட இல்லை. பிஸ்கட் ரொட்டியில் கிரேவியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா தெனமும் வண்டியில வச்சுட்டு வந்திருப்ப, சண்டே ஸ்கூல் பையன் மாதிரி. மறைச்சு வச்சது மறைஞ்சுதான் இருக்கும். அவளுக்குத் தெரியாத வரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீயும் வச்சிருக்கியா?"

இடுப்பைத் தட்டிக் காட்டினான். டுவெய்ன் கக்கத்தைத் தட்டினான்.

நாலு வருஷம். நாலு வருஷமா என்னை வச்சு சிரிச்சிருக்கானுங்க. எலியாம்.

மார்ச் 8, சனி

இன்னும் கோபம். வேறு எதுவும் எழுத வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

மெனுவை என் கையால் எடுத்து, நானே படித்து, படித்ததையே கேட்டேன். நெல்டா அப்படியே நின்றுவிட்டாள். "மிஸ்டர் ஆல்விஸ், எத்தனை நாளா இது?" என்றாள். பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பு, பெக்கான் பை, ஒரு துண்டு கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். கடை திறந்திருக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மற்ற இருவரும் இன்னும் வந்திருக்கவில்லை.

"கதவுல இருக்கறதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அத வாயால சொன்னா சண்டைக்கு வருவாங்க. அதான் எழுதி ஒட்டிட்டேன். உங்க மேசை ஆளுங்க எல்லாம் அத மதிக்கிறவங்கன்னுதான் இங்க நிம்மதியா நடமாடறேன்."

பிறகு ஏன் என்று சொன்னாள். முன்பு அவள் வேலை செய்த கடையில் ஒருவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாராம். நல்ல மனுஷராம், சர்ச்சில் பாடுகிறவர். கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கி கீழே விழுந்து வெடித்தது. குண்டு இவள் முழங்காலுக்குள் போனது. நான் அவள் காலை இழுத்து நடப்பதை மூட்டுவலி என்று நினைத்திருந்தேன். மழை நாளில் அவளைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

"அவரு அழுதாரு, தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டுவந்தாரு. பூவ வச்சு நான் என்ன பண்றது?"

பெக்கான் பையைக் கரண்டியால் உடைத்துக்கொண்டே இருந்தேன். என் பூட்ஸுக்குள் இருந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? அவள் முகம் மாறிவிடும் என்று பயம். அந்த மேசையை விட்டால் எனக்கு நாள் முழுவதும் பேச ஆள் கிடையாது என்றும் பயம்.

ஹாய்ட் வந்ததும் அவன் காதில் சொன்னேன், முழங்கால் கதையையும் சேர்த்து. "அது எவனோ ஒரு முட்டாள் பண்ணது. நான் முப்பது வருஷமா வச்சிருக்கேன், ஒரு தடவ கீழ விட்டிருக்கேனா?" என்றான்.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு ஹாய்ட் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தான். அடுத்து நான் போனேன். காகித உருளைப் பெட்டியின் மேல் அவன் துப்பாக்கி. மான்கொம்புப் பிடி போட்டது, அவன் மகன் செய்துகொடுத்தது. இடுப்பில் வைத்திருக்கிறவனுக்கு உட்காரும்போது பெல்ட் கீழே இழுக்கும். எடுத்து மேலே வைப்பான், மறந்துவிட்டு எழுந்து வருவான். முப்பது வருடமாம்.

குண்டுகளைக் கழற்றினேன். ஏழு. ஒன்று துப்பாக்கிக் குழாயிலேயே தயாராக இருந்தது.

கதவைத் திறந்தால் வெளியே நெல்டா, கையில் வாளியும் துடைப்பமும். நான் பேப்பர் டவலில் சுற்றிப் பிடித்திருந்தேன். அப்படியே சட்டைக்குள் விட்டுக்கொண்டு போயிருக்கலாம். டுவெய்னோடு உட்கார்ந்திருந்த ஹாய்ட் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது, தலையை மெதுவாக ஆட்டினான்: வேண்டாம், வேண்டாம்.

டவலைப் பிரித்துக் காட்டினேன்.

வாளி அவள் கையை விட்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவளே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அதை நான் மறக்கமாட்டேன்.

"யாரோடது?"

"உள்ள இருந்துச்சு. குண்டு எல்லாம் எடுத்துட்டேன். ஹாய்ட்டோடது. ஆனா நெல்டா, நானும்தான். நாலு வருஷம், இந்த பூட்ஸுக்குள்ள. போன வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"திங்கக்கிழமை நான் அவ்வளவு சொன்னப்பவும் வாயத் தொறக்கல நீங்க."

"தொறக்கல."

படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எலிக் கதையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை எனக்குப் படிக்கத் தெரிந்திருந்ததே.

"மூணு பேரும் வெளிய போங்க" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

ஹாய்ட் போன் செய்தான். "இருபது வருஷப் பழக்கத்தக் கக்கூஸ்ல வச்சு முடிச்சிட்டியேடா, துரோகி. என்கிட்ட கொடுத்திருந்தா முடிஞ்சுபோச்சு. இனிமே பெட்ரோல் பங்க் காபிதான் எனக்கு, உன்னால."

"என்னாலயா? அடுத்து அவ உள்ள போயிருப்பா. யாராவது ஒரு குழந்தை போயிருக்கும். என்னை நாலு வருஷம் குருடனா வச்சிருந்த நீ, என்னைத் துரோகிங்கற?"

வைத்துவிட்டான். நானும் வைத்தேன், அவன் வைத்த பிறகு, ஓங்கி. ஓட்ஸ் சமைத்தேன், அடிப்பிடித்தது. டப்பாவில் எழுதியிருந்தபடிதான் செய்தேன்.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு வாரம் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் பென்சில் முனை ஒடிகிறது, இரண்டு பென்சில் போயிற்று.

நேற்று நெல்டா போன் செய்தாள். "நாளைக்கு வாங்க. வாசல்ல நில்லுங்க" என்றாள், அவ்வளவுதான். போனேன். கடை நிறைய ஆள்.

"பேன்ட்டத் தூக்கிக் காட்டுங்க. ரெண்டு காலும்."

தூக்கினேன். என் வெள்ளைக் கெண்டைக்காலை ஊரே பார்த்தது. பூட்ஸையும் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு கூழாங்கல் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"தெனமும் காட்டணும்."

"காட்டறேன்."

முட்டை நன்றாக இருந்தது. பெக்கான் பை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த வாரம் ஐந்து நாளும் காட்டினேன். நேற்றிலிருந்து அவள் சரியாகக்கூடப் பார்ப்பதில்லை, கையை மட்டும் அசைக்கிறாள்.

இன்று ஏழரைக்குக் கதவு திறந்தது. ஹாய்ட். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் சட்டையை மார்பு வரை தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். வயிறு பெல்ட்டுக்கு மேல் மாவு மூட்டை மாதிரித் தொங்கியது.

நெல்டா வெகுநேரம் அவனைப் பார்த்தாள். "மூடுங்க அத. இங்க ஜனங்க சாப்பிடறாங்க" என்றாள்.

என் மேசைக்கு வந்து நின்றான். மன்னிப்பு கேட்கவில்லை. அந்த ஆளுக்கு அது வராது. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். நான் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தேன், நகரவில்லை. செய்தித்தாளை விரித்துப் படித்தேன், எல்லாருக்கும் கேட்கும்படி. போய் கவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

இன்னும் கோபம்தான். ஆனால் அவன் பெஞ்சில் சாய்ந்தே பழகினவன், அந்த ஸ்டூலில் அவன் முதுகு வலிக்கும். நான் நகர்ந்து கொடுத்தேனா இல்லையா என்று அடுத்த வாரம் இங்கே எழுதிவைக்கிறேன்.