முதலாளி சொன்ன ஆமென்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பு பரவாயில்லை, அங்கே நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முழங்கால் போடுகிறேன். உடம்புதான் பரவாயில்லை என்றேன், மனசைப் பற்றி இனிமேல்தான் சொல்லப் போகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று மூடிவிடுகிறாய், கடிதத்துக்கு நடுவில் உன்னால் புகுந்து பேச முடியாது. உன் அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்க மறந்துவிட்டு வலிக்கிறது என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார். மாடிப்படி விளக்கை வீட்டுக்காரர் இன்னும் மாற்றவில்லை, சுவரைத் தடவித்தான் ஏறுகிறோம். மருமகளுக்கு இருமல் என்றாயே, விட்டதா? வெந்நீர் குடிக்கச் சொல், ஈரத்தலையோடு வெளியே போக விடாதே.

முந்தாநாள் நீ போன் பண்ணி, முதலாளியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கம்மா என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். பயந்துபோய் வைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, வாயில் வந்ததைக் கொட்டிவிட்டால் அப்புறம் அள்ள முடியாதே என்றுதான் வைத்தேன். இப்போது நன்றாகவே திட்டப் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று தெரிந்துகொள், உனக்கு அவர் சொன்ன கதை மட்டும்தானே தெரியும். எங்கள் சலவைக் கம்பெனியில் ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்பையெல்லாம் தேய்க்கிற பெரிய உருளை மெஷின் இருக்கிறதே, ஈரத்துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். துணி நுழைகிற வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை கொஞ்சம் உள்ளே போனாலும் அதில் இடித்து மெஷின் நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறது, வேலை ஓடவில்லை என்று முதலாளி சத்தம் போட்டதால் சூப்பர்வைசர் அந்தக் கம்பியை வயர் போட்டு மேலே இழுத்துக் கட்டிவிட்டான். பயமா இருக்கு சார் என்று நாங்கள் சொன்னதற்கு, கையை ஒழுங்கா வச்சுக்கிட்டா எதுக்குக் கம்பி என்று கேட்டான். போன மாதம் நெட்டை அக்காவின் கை உள்ளே போய்விட்டது. எந்த நெட்டை அக்கா என்று கேட்காதே, நான் வேலை முடிந்து வரும்வரை உன்னையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து சோறு போட்டவள்தான். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் கை வெந்து நசுங்கிவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அவளுக்காக ஜெபித்தார், சுகம் கேட்டார், எல்லாம் தேவ சித்தம் என்று முடித்தார். முதலாளிதான் சபைக் கமிட்டியில் பெரிய கை, முன் வரிசையில் அவருக்கென்று தனி நாற்காலி, தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியெல்லாம் அவர் உபயம். அவர் பாட்டுக்குக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எது தேவ சித்தம்? வயரைக் கட்டினது ஆண்டவரா? செய்கிறதையெல்லாம் செய்துவிட்டுப் பழியை அவர் தலையில் போட்டால் அவர் என்ன கேட்பாரற்றவரா? அந்த வாரம் வீட்டு ஜெபம் நம் வீட்டில் நடந்தது, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிப் பெண்கள். வழக்கம்போல ஒவ்வொருத்தியும் தனக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்பு சொன்னாள். ஒருத்தி விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு என்றாள், ஒருத்தி வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடங்குது என்றாள், இன்னொருத்தி என் மகளையும் அங்கதானே சேர்த்துவிட்டேன், கர்த்தர்தான் காப்பாத்தணும் என்று அழுதாள். கேட்கக் கேட்க எனக்கு விளங்கிவிட்டது, எல்லாருடைய குறிப்பும் அந்த ஒரே மெஷினிலிருந்துதான் வருகிறது. ஆண்டவர்கிட்ட கேட்போம், அதோட கட்ட வச்சவர்கிட்டயும் கேட்போம் என்றேன். மறுநாள் எல்லாருமாகச் சேர்ந்து முதலாளியிடம் போய்க் கேட்டோம். வயரை அவிழ்க்க வேண்டும், கை ஆறினதும் அக்காவுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இது வேலை நேரம், எதுவா இருந்தாலும் சபையில பேசிக்கலாம் என்று விரட்டிவிட்டார். சரி, சபையிலேயே பேசிவிடலாம் என்று நானும் முடிவு பண்ணிவிட்டேன்.

அந்த ஞாயிறு பெண்கள் சார்பில் ஜெபிக்க என் முறை. ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே யாரும் பேசக்கூடாது, பாஸ்டரே ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். முதலாளிக்கு இன்னொரு வழக்கம் உண்டு, யார் எதற்கு ஜெபித்தாலும் வரிக்கு வரி எல்லாரையும் முந்திக்கொண்டு கனத்த குரலில் ஆமென் போடுவார், காதில் விழுகிறதோ இல்லையோ வாய் தானாகச் சொல்லும். மழைக்காகக் கேட்டேன், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகக் கேட்டேன், ஆமென் ஆமென் என்று வந்துகொண்டே இருந்தது. குரலை மாற்றாமல் அப்படியே, சலவைக் கம்பெனி மெஷினில் தடுப்புக் கம்பியைக் கட்டியிருக்கிற வயர் நாளைக்கே அவிழ வேண்டும் ஆண்டவரே என்றேன். ஆமென் என்றார். அடிபட்ட எங்கள் சகோதரிக்கு அதே கம்பெனியில் வேலை நிலைக்க வேண்டும் என்றேன். அதற்கும் ஆமென், முன்னைவிடச் சத்தமாக. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, முகத்தில் ஈயாடவில்லை. உன் அப்பா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை நாங்கள் ஒருத்தரும் துணியைத் தொடவில்லை. ஐயா, ஆண்டவர் சந்நிதியில நீங்கதான் ஆமென் சொன்னீங்க, வயரை அவிழுங்க, துணி போடுறோம் என்று மெஷின் முன்னால் நின்றோம். ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் வயர் அவிழ்ந்தது. ஆனால் அக்கா விஷயத்தில் மனிதர் மசியவில்லை, ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு அவ இங்க என்ன பண்ணுவா என்று சொல்லி வேலையை விட்டே எடுத்துவிட்டார். அந்தச் சூட்டோடு உனக்கும் போன் போட்டு, உங்கம்மா ஜெபத்துல அரசியல் பண்றாங்க என்று கோள் சொல்லியிருக்கிறார்.

நீயும் அதைக் கேட்டுக்கொண்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாய். அவர் சிபாரிசில்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது, நன்றி மறக்கக்கூடாது என்றாய். மறக்கவில்லை, அவருக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆனால் அந்த நன்றிக்கு ஈடாக விட்டுக்கொடுக்க அது என் கை இல்லை, அக்காவின் கை. விசுவாசிக்குக் கோபம் அழகில்லைம்மா என்றாயே, யாரடா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? சூம்பின கைக்காரனை ஆண்டவர் என்ன பண்ணினார்? ஊர் வாய்க்குப் பயந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாரா? ஓய்வுநாள் என்றும் பார்க்காமல் அத்தனை பேர் நடுவில் எழுப்பி நிறுத்தி, குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களைக் கோபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே அவனைச் சுகமாக்கினார். ஞாயிறு பள்ளியில் அதை நடித்துக் காட்டிப் பரிசு வாங்கினவன் நீ. இதெல்லாம்கூட எனக்கு ஆறிவிடும், ஆறாத ஒன்று இருக்கிறது. அவ்வளவு நேரம் பேசினாய், முதலாளி மனசு புண்பட்டிருக்கு என்றாய், சபை பேர் கெட்டுப்போகும் என்றாய், என் வேலைக்கு ஏதும் வந்துடுமோ என்றாய். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கை என்றுகூடக் கேட்கவில்லையடா.

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இனிமேல் நான் முன்னால் நின்று ஜெபிக்கக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது, பாவம் பாஸ்டர், வீட்டுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரிங்க ஐயா, கம்பெனி வாசல்ல நின்னு ஜெபிக்கிறோம், அதுக்குக் கமிட்டி வேணாமே என்றேன். சொன்னபடியே தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் வாசலில் கூடுகிறோம், அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறவரை கூடுவோம், உள்ளே போகிற முதலாளி காரைப் பார்த்துக் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறோம். சபைக்கே வராத பெண்களும் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். நேற்று பாஸ்டரும் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். என் வேலையும் போய்விடுமோ என்று உன் அப்பா புலம்புகிறார், ஆனாலும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறது அவர்தான்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நான் பெற்ற பிள்ளை. ஆண்டவர் உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும், உங்கள் இரண்டு பேரையும் ஒரு தீங்கும் அணுகாமல் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அக்காவுக்குப் போன் பண்ணு, நம்பர் பழைய நம்பர்தான். வலது கை முழுக்கக் கட்டு, இடது கையால் தடுமாறித்தான் எடுப்பாள், நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபம் தீராத
அம்மா