படிவத்தில் அம்மா பெயர்

மார்சிலிங்,
செப்டம்பர் 6, சனிக்கிழமை.

அன்பு மகள் கவிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் ரக்ஷனா குட்டியும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். இங்கே நானும் சுகமே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம். அப்படி ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது மூன்றாவது. வீடியோவில் பேசுகிற காலத்தில் இவர் ஏன் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாய். வீடியோவில் உன் முகம் தெரிகிறது கவி, அதுதான் எனக்குச் சங்கடம். முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக ஒன்னுமில்லம்மா என்று சொல்லிவிடுகிறது. தாளைப் பார்த்தால் அப்படி வரவில்லை. ரக்ஷனாவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சங்கதி. நம் அடுக்குமாடி பிளாக்குக்கு பெயின்ட் அடிக்கிறார்கள், மாரி பிஸ்கட் நிறம், எனக்குப் பிடிக்கவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. அம்மா வைத்த கறிவேப்பிலைச் செடியைப் பெயின்ட்காரர்கள் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன், இலை கொஞ்சம் உதிர்ந்தது, செத்துப் போகவில்லை. உனக்கு முடி கொட்டுகிறது என்றாயே, இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் ஒட்டாது என்று இங்கே நர்ஸ் சொன்னாள். எந்த நர்ஸ் என்று கேட்பாய், அங்கேதான் வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் கையால் வாயை மூடிக்கொண்டே பேசினேன் என்று கேட்டாய், பல்வலி, கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்றேன். பிடுங்கியது நிஜம். ஏன் பிடுங்கினார்கள் என்பதைத்தான் சொல்லவில்லை. எனக்கு இருதயத்தில் ஆபரேஷன் கவி. வால்வு மாற்ற வேண்டுமாம். அதற்கு முன்னால் சொத்தைப் பல் எதுவும் வாயில் இருக்கக் கூடாது, அதிலிருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்வில் உட்கார்ந்துவிடுமாம். நெஞ்சைத் திறப்பதற்கு வாயிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று யார் கண்டது.

இது இன்று நேற்று வந்ததில்லை. ஜூன் மாதம் அம்மா திதிக்கு கேம்பல் லேனில் மாலை வாங்கிக்கொண்டு நடந்தபோது மூச்சு வாங்கியது, வெயில் என்று நினைத்தேன். வீரமாகாளியம்மன் கோவில் வரைக்கும் போனதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, செருப்பு விடுகிற இடத்திலேயே மாலையை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாலிகிளினிக்கில் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படம் வரைந்து காட்டினார், எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு வால்வு என்றால் பஸ் கதவுதான், அது இறுகிப் போய்ப் பாதிதான் திறக்கிறது, கூட்டம் அதற்குள் நெருக்கிக்கொண்டு ஏறுகிறது, இஞ்சின் முக்குகிறது. கதவை மாற்றாவிட்டால் ஒரு நாள் வண்டி ரோட்டிலேயே நின்றுவிடும். புதுக் கதவு மாட்டின் சவ்வில் செய்ததாம். உன் அம்மா இருந்திருந்தால் எனக்காக அழுவதற்கு முன்னால் சாமி படத்துக்கு முன்னால் போய் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நூறு பேருக்குச் செய்தால் இரண்டு பேர் பிழைப்பதில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நல்ல கணக்குதான். ஆனால் நூறு பேர் ஏறுகிற பஸ்ஸில் அந்த இரண்டு பேர் எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது கவி. இதை இதுவரைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன், அதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், பெயர், உறவு, நம்பர். நான் யோசிக்கவே இல்லை. பாக்கியலட்சுமி, மனைவி, அவள் நம்பர், கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து வேலைக்கு, வீட்டுக்கு, உன் ஸ்கூலுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அந்தக் கட்டத்தில் அந்தப் பெயரைத்தான் எழுதினேன், கை பழகிப் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து மத்தியானம் ரசம் சூடு பண்ணிக்கொண்டிருக்கிறேன், சாமி அலமாரிக்குள்ளிருந்து அம்மா போன் அடிக்கிறது. அந்த போனை நான் இன்னும் சார்ஜில்தான் வைத்திருக்கிறேன், லைனையும் வெட்டவில்லை, நீ அவளுக்கு அனுப்பிய குரல் செய்தி எல்லாம் அதில் இருக்கிறது. ஆறு வருஷத்தில் அது அடித்தது அன்றைக்குத்தான். எடுத்தேன். ஜாய்ஸ் என்கிற நர்ஸ், மேடம் பாக்கியலட்சுமி இருக்காங்களா, உங்க ஹஸ்பன்ட் ஆபரேஷன் பற்றிப் பேசணும் என்றாள். அவள் வீட்டில் இல்லை என்றேன். எப்ப வருவாங்க என்றாள். தெரியாது என்றேன். பரவாயில்லை அங்கிள், புதன்கிழமை வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

புதன்கிழமை போனேன், ஜாய்ஸ் தனக்கு எதிரில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் நான் உட்கார்ந்தேன், இன்னொன்றில் என் குடையை வைத்தேன். அப்போது அவளிடம் உண்மையைச் சொன்னேன். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அவசரமில்லை அங்கிள், வீட்டில் வைத்து எழுதுங்க என்றாள். அதோடு இதே மாதிரி ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரிடம் பேசிப் பார்க்கிறீர்களா, நம்ம தமிழர்தான் என்று ஒரு நம்பரும் கொடுத்தாள். செய்துகொண்டவர்கள் செய்யப் போகிறவர்களோடு பேசுகிற ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது.

அவர் பெயர் ரவூப், தேக்காவில் துணிக்கடை. தேக்கா சந்தையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வைத்தது மெஷின் வால்வு, பதினோரு வருஷம் ஆகிறது. அது டிக் டிக் என்று கேட்கும்ணே என்றார். நான் நம்பவில்லை, சந்தை இரைச்சலில் எங்கே கேட்கப் போகிறது. வாங்கண்ணே காட்டுறேன் லா என்று கடைக்குப் பின்னால் துணி பேல் கட்டுகள் அடுக்கிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். துணி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது. அந்த அமைதியில் கேட்டது கவி, சட்டைப் பையில் பழைய கைக்கடிகாரம் இருக்கிற மாதிரி. அறுபத்தாறு வயதுக் கிழவன் ஒருத்தன் இன்னொருத்தர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு நின்றதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. இது ஒரு நாள்கூட லீவு போடலண்ணே, மாட்டு வால்வு சத்தம் போடாது, உங்களுக்கு நிம்மதியான தூக்கம் என்றார். ஜூன் மாதத்திலிருந்து என் மனதில் கிடந்த பாரத்தில் பாதி அந்தத் துணி அறையில் இறங்கியது.

மீதி இறங்கவில்லை. கண் முழிக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டேன். வாயில குழாய் இருக்கும், பேச முடியாது, எந்த நாள், எந்த ஊர்னு தெரியாது, நாம இருக்கிறோமா இல்லையான்னே சந்தேகமா இருக்கும், அப்ப நம்ம ஆளு ஒருத்தர் வந்து கையைப் புடிச்சா போதும்ணே, என் மருமகன் புடிச்சாரு என்றார். உங்களுக்கு யாரு நிக்கப் போறாங்க என்றார். யாரும் வேண்டாம், நானே பார்த்துக்குவேன் என்றேன். மயக்கத்துல எப்படிண்ணே பார்த்துக்குவீங்க என்று சிரித்தார். பிள்ளை இருக்கா என்றார். ஒரு மகள், ஸ்காட்லாந்தில், அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் வந்து நிக்கிறேன், ஆனா முதல்ல மகள்கிட்ட கேளுங்க, வேணாம்னு அவங்க சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது என்றார்.

நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். இனி எழுதப் போவதற்காகத்தான் முதல் இரண்டு தாளையும் கிழித்தேன். அம்மாவுக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ ஆராய்ச்சிப் புத்தகத்தை ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது. காய்ச்சல்தான், இறங்கிவிடும், வராதே என்று தினமும் சொன்னேன். நீ வந்து சேர்ந்தபோது பிளாக்குக்குக் கீழே திறந்த தரைத்தளத்தில், வாய்ட் டெக்கில், எல்லோரும் உனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவும் பெட்டிக்குள். நீங்க என்னை வர விடலப்பா என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அதற்கப்புறம் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் உன் முதல் கேள்வி, உண்மையைச் சொல்லுங்கப்பா, நல்லா இருக்கீங்களா என்பதுதான். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்மா உன்னைக் கேட்டாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கவியை வரச் சொல்லுங்க என்றாள். சொல்லிட்டேன், கிளம்பிட்டா என்றேன். சொல்லவில்லை கவி. உன் படிப்பு, உன் ஆராய்ச்சி, இவள் எப்படியும் எழுந்துவிடுவாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். மறுநாள் காலையில் எங்க வரைக்கும் வந்திருக்கா என்று கேட்டாள். துபாயில் பிளேன் மாறிட்டாளாம் என்றேன். பிள்ளை இப்படிப் பார்த்தா பயந்துடுவா என்று தலையை வாரிவிடச் சொன்னாள். வாரிவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு நினைவு இல்லை, அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

உன்னையும் ஏமாற்றினேன், அவளையும் ஏமாற்றினேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லலாம், சொல்லி என்ன. அவள் ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, கிருமிக்கு டாக்டர் மருந்து கொடுக்கிறார், பிள்ளை வந்து என்ன செய்யப் போகிறது என்று இருந்தேன். இப்போது அந்தக் கட்டிலில் நான் படுக்கப் போகிறேன், விளங்குகிறது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோபப்படு, கத்து, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் அக்டோபர் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன். முடிந்தால் வா என்று எழுதி முதல் வார்த்தையை அடித்திருக்கிறேன், அடித்தது உனக்கே தெரியும். வா கவி.

நாளைக்கு நீ கூப்பிடும்போது இந்தக் கடிதம் வந்திருக்காது. பல்வலி போச்சா என்று கேட்பாய், போச்சு என்பேன், அது நிஜம்தான். ரக்ஷனாவை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டால் நல்லது, சின்னப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். பிளேனில் காலை நீட்டி நீட்டி மடக்கு, ரத்தம் கட்டிவிடும். சாவி, வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரி மேல்தட்டில் பழைய இடத்திலேயே இருக்கும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் அதில் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்தப் படிவத்தை எழுதிவிட்டேன், கவிப்ரியா, மகள், உன் நம்பர். கடிதம் கையில் கிடைத்திருக்கும் என்று கணக்குப் பண்ணி இருபத்திரண்டாம் தேதி கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கப்புறம் நம் நாட்டுக் கோடு அறுபத்தைந்தில் ஆரம்பிக்கிற தெரியாத நம்பர் ஒன்று உன்னைக் கூப்பிடும், ஏமாற்றுக்காரர்கள் என்று வெட்டிவிடாதே. ஜாய்ஸ் பேசுவாள். பாலகிருஷ்ணனின் மகளா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்.

உன் அப்பா,
பாலகிருஷ்ணன்